கலைஞரை நினைத்தல்

கல்லில் உருவம் செதுக்கிய சிற்பி மறைந்த பின்னும் அவன் செதுக்கிய கல் கோயிலில் நிற்கின்றது. ஏட்டில் கவிதை எழுதிய புலவர் மறைந்த பின்னும் அவர் எழுதிய ஏடு படிப்பவர் கையில் இருக்கின்றது. பாடுவோர், ஆடுவோர், நடிப்போர் ஆகியோரின் கலை அத்தகையது அன்று. பாடகருக்கு மூச்சே கருவி; நடிகருக்கு உடலும் முகமுமே கருவி. மூச்சு அடங்கினால் பாட்டும் அடங்கும். உடல் ஓய்ந்தால் நடிப்பும் ஓயும். ஆதலின், மேடைக் கலையை நீர்மேல் எழுத்து எனலாம்.

அறிவியல் வளர்ச்சி இந்நிலையை முற்றும் மாற்றிவிட்டது என்று பலர் எண்ணுவர். இன்று ஒருவர் பாடிய பாட்டு, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும், தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கைப்பேசியிலும் ஒலிக்கின்றது. ஆயினும், அப்பாட்டைப் பாடியவர் யார், அதற்கு இசையமைத்தவர் யார், எழுதியவர் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே ஆவர். ஒலி நிலைத்திருப்பது வேறு; நினைவு நிலைத்திருப்பது வேறு. முன்னதைக் கருவி செய்யும். பின்னதை மனிதர்தாம் செய்தல் வேண்டும். மறைந்த கலைஞரை முறையாக நினைப்பது எவ்வாறு என்பதை ஆராயப் புகுவோர், முதலில் இவ்வேறுபாட்டை உணர வேண்டும்.

ஒலிப்பதிவுக் கருவி நாட்டுக்கு வருமுன் வாழ்ந்த இசைவாணர் பலர். அவர்களுள் ஒருவர் மகா வைத்தியநாத ஐயர். 1844ஆம் ஆண்டு பிறந்த அவர், கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களையும் ஒரே மாலையாகத் தொடுத்து இசை அமைத்த பெரும் புலவர். 1893ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய குரலை இன்று எவரும் கேட்க இயலாது. எனினும், அவர் எத்தகையவர், எங்கெங்குப் பாடினார், கேட்டவர் எவ்வாறு மகிழ்ந்தனர் என்பவற்றைத் தமிழ் மக்கள் இன்றும் அறிகின்றனர். அதற்குக் காரணமானவர் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர்.

ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்றிய பெருமகனார் என்றே சாமிநாதையரை உலகம் போற்றும். அவர் இசைவாணர்களின் வரலாற்றையும் எழுதி வைத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மகா வைத்தியநாத ஐயர், கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர் ஆகியோரைப் பற்றி அவர் தனித்தனியே நூல் எழுதினார். அவருள் பாரதியாரிடம் இளமையில் மாயூரத்தில் தாமே சிறிது காலம் இசை பயின்றவர் அவர். தாம் கண்டதையும் கேட்டதையும், முதியோர் வாயிலாக அறிந்ததையும் அவர் தேர்ந்து எழுதினார். கலைஞரின் ஊர், அவருக்குக் கற்பித்த ஆசிரியர், ஆதரித்த வள்ளல்கள், வழிவந்த மாணாக்கர் ஆகிய அனைவருக்கும் அந்நூல்களில் இடம் தந்தார். சுவடியைக் காத்த கையே இசைவாணரின் நினைவையும் காத்தது. கருவி ஏதும் இல்லாத காலத்தில், உண்மை உரைக்கும் எழுத்தே கலைஞருக்குக் காவலாக நின்றது.

தாமசு ஆல்வா எடிசன் ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை 1877ஆம் ஆண்டு கண்டுபிடித்தார். 1902ஆம் ஆண்டு கிராமபோன் நிறுவனத்தார் கல்கத்தா நகருக்கு வந்து இந்திய இசைவாணரின் குரலைப் பதிவு செய்தனர். மகா வைத்தியநாத ஐயர் மறைந்து அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த ஒன்பது ஆண்டு இடைவெளியால் ஒரு பெருங்குரல் என்றும் மீளாதபடி மறைந்து போயிற்று.

அவ்வாண்டு கல்கத்தாவில் பாடியவர்களுள் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான் என்னும் அம்மையார். அக்காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டுமே ஓடும். விரிவாகப் பாடும் இராகத்தை அவ்வளவு சிறு நேரத்துக்குள் சுருக்கிப் பாடும் திறனை அவர் பெற்றிருந்தார். பாட்டு முடியும்போது தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லி முடிப்பது அவர் வழக்கம். பதிவுகள் செருமனி நாட்டிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று அங்கே இசைத்தட்டுகளாக ஆக்கப்பட்டன. அங்கிருந்த தொழிலாளர் இந்திய மொழி அறியாதவர். எத்தட்டில் எவர் குரல் உள்ளது என்று அவர் தெரிந்துகொள்ளப் பெயர் தேவைப்பட்டது. தொழில் வசதிக்காக எழுந்த வழக்கமே எனினும், நூற்றாண்டு கடந்த பின்னும் அத்தட்டைக் கேட்போர் பாட்டோடு பாடியவர் பெயரையும் கேட்கின்றனர்.

பின்னர் வந்த திரைப்படக் காலத்தில் அந்நற்பேறு எல்லாப் பாடகருக்கும் வாய்க்கவில்லை. திரையில் தோன்றுவார் ஒருவர். திரைக்குப் பின்னிருந்து பாடுவார் மற்றொருவர். காண்பவர் முகத்தை நினைவில் கொண்டனர். குரலுக்கு உரியவரை அறியவில்லை. 1949ஆம் ஆண்டு வெளிவந்த 'மகல்' என்னும் இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாடல் நாடெங்கும் புகழ் பெற்றது. ஆனால், அப்பாடலின் இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. கதையில் வரும் காமினி என்னும் பாத்திரத்தின் பெயரே பாடகர் பெயராக அச்சிடப்பட்டிருந்தது. பாடியவர் யார் என்று அறிய விரும்பிய மக்கள் வானொலி நிலையத்துக்குக் கடிதம் எழுதினர். அதன் பின்னரே அவர் பெயர் வெளிப்பட்டது. பின்னணிப் பாடகருக்கு உரிய பெயரும் மதிப்பும் கிடைக்க வேண்டும் என்று அவர் பின்னாளில் உறுதியோடு வாதாடினார். 2001ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்ற அப்பெருமாட்டி, 2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் மும்பையில் மறைந்தார். நாடே அவர் பெயரைச் சொல்லி அழுதது. ஒரு காலத்தில் தம் பெயரே இல்லாத தட்டில் பாடியவர் அவர் என்பதை அன்று எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

பெயர் மறைவது ஒருபுறம் இருக்க, படைப்பே மறைந்து போவதும் உண்டு. தமிழ் பேசிய முதல் திரைப்படம் 'காளிதாஸ்' என்பது மாணவர் பலரும் அறிந்ததே. 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் சென்னையில் அது வெளியாயிற்று. நாடக மேடையில் புகழ் பெற்றிருந்த டி. பி. இராஜலட்சுமி அதில் நடித்துப் பாடினார். மக்கள் திரள் திரளாகச் சென்று கண்ட அப்படத்தின் படச்சுருள் இன்று இல்லை. இந்தியாவின் முதல் பேசும் படமாகிய 'ஆலம் ஆரா'வும் இன்று காணக் கிடைப்பதில்லை. அவற்றிற்கு முன் இந்நாட்டில் எடுக்கப்பட்ட ஊமைப் படங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. 1913ஆம் ஆண்டு தாதாசாகிப் பால்கே எடுத்த 'ராஜா அரிச்சந்திரா'வும் முழுமையாகக் கிடைக்கவில்லை; ஒரு பகுதியே எஞ்சியுள்ளது.

இவை அழிந்ததற்குக் காரணங்கள் பல. அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டு என்னும் பொருளால் ஆனது. அஃது எளிதில் தீப்பற்றும். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் நாளடைவில் தானே பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். சுருளின் மேற்பூச்சில் வெள்ளி கலந்திருந்தமையால், ஓடி முடிந்த படங்களை அவ்வெள்ளிக்காகவே விற்றவரும் உளர். இவை எல்லாவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஓடி முடிந்த படத்துக்குப் பின்னாளில் மதிப்பு இருக்கும் என்று அன்று எவரும் கருதவில்லை. அழித்தவர் பகைவர் அல்லர். அக்கலையால் மகிழ்ந்தவரும் பொருள் ஈட்டியவருமே அழியவிட்டனர். செல்லரித்த சுவடியின் கதையும் இதுவே அன்றோ?

இக்குறையை நீக்கும் பொருட்டு 1964ஆம் ஆண்டு புனே நகரில் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. 'காளிதாஸ்' வெளிவந்து அப்போது 33 ஆண்டுகள் கழிந்திருந்தன. கேரளத்தில் பிறந்த பி. கே. நாயர் என்பவர் அக்காப்பகத்தின் பொறுப்பில் இருந்து, பழைய படங்களை நாடெங்கும் தேடித் திரட்டினார். பால்கேயின் குடும்பத்தாரிடமிருந்தும் படப்பகுதிகளைப் பெற்றுக் காத்தார். எனினும், காப்பகத்திலும் தீங்கு நேரலாம். 2003ஆம் ஆண்டு புனேயில் ஏற்பட்ட தீவிபத்தில் பழைய நைட்ரேட்டுச் சுருள்கள் பல எரிந்து போயின. அக்காப்பகம் 2022ஆம் ஆண்டு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஓலைச் சுவடியைக் காலந்தோறும் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினால்தான் அது பிழைக்கும். அவ்வாறே ஒலியையும் ஒளியையும் காலந்தோறும் புதிய கருவிக்கு மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். அப்பணி ஒரு தலைமுறை ஓய்ந்தாலும் இழப்பு நேரும்.

அண்மைக் காலத்தில், 2020ஆம் ஆண்டு முதல் 2023ஆம் ஆண்டு வரையிலான சில ஆண்டுகளுக்குள், மக்கள் உள்ளங் கவர்ந்த கலைஞர் பலர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அவர்களுள் முதலில் எண்ணத்தக்கவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம். 1946ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் பிறந்த அவர், கதாகாலட்சேபம் செய்யும் கலைஞர் ஒருவரின் மைந்தர். பொறியியல் கற்கச் சென்றவரை இசை தன்பால் இழுத்துக்கொண்டது. எஸ். பி. கோதண்டபாணி என்னும் இசையமைப்பாளர் அவரைத் தெலுங்குத் திரையுலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1969ஆம் ஆண்டு வெளிவந்த 'சாந்தி நிலையம்', 'அடிமைப்பெண்' ஆகிய படங்கள் தமிழ் மக்களுக்கு அவர் குரலை அறிமுகப்படுத்தின. 'அடிமைப்பெண்' படத்துக்குப் பாட வேண்டிய நேரத்தில் அவர் கடுங்காய்ச்சலால் படுத்துவிட்டார். எம். ஜி. இராமச்சந்திரன் வேறொருவரைப் பாட வைக்காமல், அவ்விளைஞர் உடல்நலம் பெறும்வரை காத்திருந்தார். இதனைப் பாலசுப்பிரமணியம் வாழ்நாள் முழுதும் மேடைதோறும் நன்றியோடு சொல்லி வந்தார்.

அவர் பாடிய பாடல்கள் பல்லாயிரம். அவை எத்தனை என்பதில் ஒருவர் கூறும் எண்ணும் மற்றொருவர் கூறும் எண்ணும் ஒவ்வா. எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதால் அவர் புகழ் வளரப் போவதுமில்லை. திரையில் தோன்றும் நடிகரின் இயல்பறிந்து, அவருக்கேற்பத் தம் குரலைச் சிறிது மாற்றிப் பாடும் நுட்பமே அவர் சிறப்பு. தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் என்னும் நான்கு மொழிப் பாடல்களுக்காக அவர் ஆறு முறை தேசிய விருது பெற்றார். 2020ஆம் ஆண்டு அவர் கொரோனா நோயால் துன்புற்றபோது மக்கள் ஒரே நேரத்தில் ஆங்காங்கே அவர் பாடல்களை ஒலிக்கச் செய்து வேண்டினர். செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார்.

தமக்கு முன் மறைந்தவரை அவர் எவ்வாறு நினைத்தார் என்பது கருதத்தக்கது. தமக்கு வழிகாட்டிய கோதண்டபாணியின் பெயரையே தம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சூட்டினார். இளம் பாடகருக்கென 1996ஆம் ஆண்டு முதல் தெலுங்குத் தொலைக்காட்சியில் அவர் ஒரு நிகழ்ச்சியை நடத்தி வந்தார். அங்கே ஒரு பாடல் பாடப்படும்போது, அதனை எழுதிய கவிஞரையும் அதற்கு இசையமைத்தவரையும் எடுத்துரைத்துப் போற்றுவார். பாட்டின் புகழ் பாடியவருக்கு மட்டுமே உரியதன்று என்பதை அவர் தம் செயலால் காட்டினார். அவரை நினைக்க விரும்புவோர் அவரிடமே கற்றுக்கொள்ளத்தக்க முறை இது.

ஒரு படைப்பில் எத்தனை பேர் உழைப்பு அடங்கியுள்ளது என்பதற்கு, 1980ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள் வெளிவந்த 'சங்கராபரணம்' என்னும் தெலுங்குப் படம் நல்ல சான்றாகும். அதனை இயக்கியவர் கே. விசுவநாத். அவர் சென்னை வாகினி படப்பிடிப்பு நிலையத்தில் ஒலிப்பதிவுப் பணியாளராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கியவர். இசையமைத்தவர், நாகர்கோவிற் பகுதியில் பிறந்த கே. வி. மகாதேவன். பாடல் எழுதியவருள் முதன்மையானவர் வேட்டூரி சுந்தரராம மூர்த்தி. ஒளிப்பதிவு செய்தவர், ஈழத்து மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த பாலு மகேந்திரா. முதிய இசைவாணராக நடித்தவர், அரசுப் பணியில் துணை ஆட்சியராக இருந்த ஜே. வி. சோமயாஜுலு. அவருக்காகப் பாடியவர் பாலசுப்பிரமணியம்.

பாலசுப்பிரமணியம் கருநாடக இசையை ஆசிரியரிடம் முறையாகப் பயின்றவர் அல்லர். ஆதலின், பெரும்புலவர் ஒருவருக்காகக் குரல் கொடுக்க அவர் முதலில் தயங்கினார். மகாதேவனும் அவருடைய உதவியாளர் புகழேந்தியும் அவருக்கு ஊக்கமூட்டி, ஒவ்வொரு பாடலாகப் பயிற்றுவித்தனர். அக்கால ஒலிப்பதிவு இன்றுள்ளது போன்றது அன்று. பாடகரும் கருவி இசைப்போரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் கூடி இசைக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீணையும் குழலும் மிருதங்கமும் வாசித்த பலருடைய கவனமும் பொறுமையும் கூடியே ஒரு பாடல் உருவாயிற்று. அவ்வாண்டுத் தேசிய விருதுகளில் இசையமைப்புக்கான விருது மகாதேவனுக்கும், பாடகர் விருது பாலசுப்பிரமணியத்துக்கும், பாடகியர் விருது வாணி ஜெயராமுக்கும் கிடைத்தன. புகழேந்தியின் பெயரை இன்று அறிந்தவர் மிகச் சிலரே. கருவி வாசித்தோரின் பெயர்களை அறிந்தவர் அவரினும் சிலர்.

வாணி ஜெயராம் 1945ஆம் ஆண்டு வேலூரில் பிறந்தவர். கலைவாணி என்பது அவர் இயற்பெயர். இளமையிலேயே கருநாடக இசை பயின்ற அவர், வங்கியில் பணியாற்றி வந்தார். மணமான பின் மும்பைக்குச் சென்று, உஸ்தாத் அப்துல் ரகுமான் கான் என்பவரிடம் இந்துஸ்தானி இசையையும் கற்றார். 1971ஆம் ஆண்டு வெளிவந்த 'குட்டி' என்னும் இந்திப் படத்தில் வசந்த் தேசாய் அவரைப் பாட வைத்தார். தமிழில் 'தீர்க்க சுமங்கலி'யும் 'அபூர்வ ராகங்க'ளும் அவர் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. சொல் சிதையாத தெளிவும், சுருதி பிறழாத உறுதியும் அவர் பாட்டின் இயல்புகள். மும்முறை தேசிய விருது பெற்ற அவருக்கு, 2023ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. சரியாகப் பத்து நாட்களில், பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள், அவர் சென்னையில் மறைந்தார். அவ்விருதைக் கையில் வாங்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. வாழும்போதே கலைஞரைப் போற்றுவதில் காலம் தாழ்த்தலாகாது என்பதை அவர் மறைவு உணர்த்தியது.

அவர் மறைவதற்கு இரண்டு நாட்களுக்கு முன், பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள், இயக்குநர் விசுவநாத்தும் மறைந்திருந்தார். 'சங்கராபரணம்' வெளிவந்து அன்றோடு 43 ஆண்டுகள் நிறைவுற்றன. அப்படத்தின் முடிவில், மக்களால் மறக்கப்பட்டிருந்த முதிய இசைவாணர் நெடுநாளைக்குப் பின் மேடையேறிப் பாடுகின்றார். பாதியில் உடல் தளர்ந்து குரல் தடைப்படுகின்றது. அப்போது அவரிடம் பயின்ற சிறுவன் மேடைக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்கின்றான். முதியவர் தம் புலமைக்கு அடையாளமான பொற்கழலைக் கழற்றி அச்சிறுவனுக்கு அளித்துவிட்டு உயிர் துறக்கின்றார். கலைஞருக்குச் செய்யும் கடன் அவர் கலையைத் தொடர்வதே என்பதை அக்கதை சொல்கின்றது.

தொடர்வது என்பது பாடுவதும் நடிப்பதும் மட்டும் அன்று. நகைச்சுவை நடிகர் விவேக் அதற்கு எடுத்துக்காட்டாவார். 1961ஆம் ஆண்டு பிறந்த அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றியவர். 1987ஆம் ஆண்டு கே. பாலசந்தர் 'மனதில் உறுதி வேண்டும்' என்னும் படத்தின் வாயிலாக அவரை அறிமுகப்படுத்தினார். மூடநம்பிக்கையையும் கையூட்டையும் சாதி வேற்றுமையையும் அவர் நகைப்புக்கு உரியனவாக்கினார். சிரிக்கச் செய்து சிந்திக்கவும் செய்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1957ஆம் ஆண்டு மறைந்தவர். விவேக்கைப் பிற்கால மக்கள் 'சின்னக் கலைவாணர்' என்று அழைத்தது, அவரைப் பாராட்டியதோடு பழைய கலைவாணரை நினைத்ததும் ஆகும்.

முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் ஊக்கமளிக்க, மரக்கன்று நடும் பணியை விவேக் 2010ஆம் ஆண்டு மேற்கொண்டார். ஒரு கோடிக் கன்றுகள் நடுவது அவர் குறிக்கோள். ஊர் ஊராகவும் பள்ளி பள்ளியாகவும் சென்று மாணவர்களோடு கன்று நட்டார். 30 இலட்சத்துக்கு மேற்பட்ட கன்றுகள் நடப்பட்ட நிலையில், 2021ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 17ஆம் நாள் அவர் மறைந்தார். அச்செய்தி கேட்டு மக்கள் பல ஊர்களில் அவர் நினைவாக மரக்கன்றுகள் நட்டனர். 2022ஆம் ஆண்டு, சென்னையில் அவர் வாழ்ந்த பகுதியிலுள்ள சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சாலைப்பெயர் வழிப்போக்கருக்கு அவரை நினைவூட்டும். நட்ட கன்றோ நீர் ஊற்றுவார் இருந்தால்தான் மரமாகும். துயரத்தின் வேகத்தில் கன்று நடுவது எளிது. அடுத்த கோடையில் அதற்கு நீர் சுமப்பதே அரிது. நினைவும் அத்தகையதே.

ஒரு கலைஞர் மறைந்த நாளில் கூட்டம் கூடுகின்றது, மலர் குவிகின்றது, அவர் பாடலும் படமும் நாள் முழுதும் ஒலிக்கின்றன. அத்துயரம் பொய்யன்று. ஆயினும், சில நாட்களில் அவ்வலை ஓய்ந்துவிடும். ஓய்ந்த பின் செய்ய வேண்டிய பணிகள் மூன்று. முதலாவது, உண்மையை அறிதல். இல்லாத பெருமையை ஏற்றுவதும், ஆராயாது பரவும் செய்தியைப் பரப்புவதும் மறைந்தவருக்குச் செய்யும் தீங்காகும். இரண்டாவது, உடனுழைத்தோர் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல். ஒரு பாடலைப் பாராட்டும்போது அதனை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகியோரை அறிந்து கூறும் பழக்கம் இளமையிலேயே வர வேண்டும். மூன்றாவது, படைப்பைக் காத்தல். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய இசைத்தட்டும், ஒலிநாடாவும், நாடக விளம்பரத் தாளும், பாட்டுப் புத்தகமும் குப்பை அல்ல. வேறெங்கும் கிடைக்காத ஒன்று அவற்றுள் இருத்தல் கூடும்.

பெரும்புகழ் பெற்றோரை நினைக்கப் பலர் உளர். நினைப்பார் இல்லாத கலைஞரோ ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். இரவு முழுதும் கட்டியங்காரனாக வந்து மக்களைச் சிரிக்க வைத்த கூத்தர், திருவிழாதோறும் நாகசுரம் ஊதியவர், தவில் முழக்கியவர், வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் தட்டியவர், நாடகத்தில் பெண்வேடம் பூண்டவர் எனப் பலர். இவர்களுள் பலருடைய குரல் எந்தக் கருவியிலும் பதியவில்லை. இவர்கள் வரலாற்றை எவரும் எழுதவுமில்லை. மகா வைத்தியநாத ஐயருக்கு ஒரு சாமிநாதையர் கிடைத்தார். ஊர்க் கூத்தருக்கு யார் கிடைப்பார்?

அவருக்கு அவ்வூர்ப் பள்ளி மாணவர் கிடைக்கலாம். ஒரு விடுமுறை நாளில் அம்முதியவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் யாரிடம் கற்றார், எந்த வேடம் புனைந்தார், எந்தெந்த ஊருக்குச் சென்றார், உடன் ஆடியவர் யார் யார் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது அரிய செயல் அன்று. அவர் பாடிக் காட்டினால் அதனைக் கைப்பேசியிலேயே பதிந்து, பெயரும் ஊரும் நாளும் குறித்துப் பள்ளி நூலகத்தில் சேர்க்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும். ஒன்பது ஆண்டு தாமதத்தால் ஒரு பெருங்குரல் மறைந்த வரலாற்றை அறிந்தவர், ஒரு நாளும் தாமதிக்க எண்ணார்.